கோஹ்வாங்கோ: ஒருவரை அழைத்த விளியே குடும்பப் பெயரான கதை

பிலிப்பீன்ஸ் நாட்டின் அரசியலையோ வணிகத்தையோ விளையாட்டையோ சிறிது காலம் கவனித்தவர்கள் ‘கோஹ்வாங்கோ’ என்ற குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். 1986இல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற கொரசோன் அக்கினோ பிறந்த குடும்பத்தின் பெயர் அது. சான் மிகேல் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்திய எடுவார்தோ ‘டாண்டிங்’ கோஹ்வாங்கோவும் அதே குடும்பத்தவர். 2002இல் பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் குதிரையேற்றத்தில் தங்கம் வென்று, 2013 முதல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உறுப்பினராக இருக்கும் மிக்கி கோஹ்வாங்கோ யாவோர்ஸ்கியும் அவர்களுள் ஒருவரே. இத்தனை புகழ் பெற்றிருந்தும் இது மிக அரிய பெயர். சாந்தோஸ், ரேயஸ், டெலா குரூஸ் என்ற பெயர்களை அந்நாட்டின் எந்த ஊரிலும் காணலாம். ஆனால் கோஹ்வாங்கோ என்று ஒருவரைச் சந்தித்தால், அவர் ஒரு குறிப்பிட்ட மனிதரின் வழித்தோன்றல் என்றே பெரும்பாலும் முடிவு கட்டலாம். ஒரு குடும்பப் பெயர் எப்படிப் பிறக்கிறது, ஏன் சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது என்ற கேள்விகளைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து தென்கிழக்கு ஆசியாவில் இல்லை.

பெயரைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். இதில் மூன்று அசைகள் உள்ளன: கோ, ஹ்வாங், கோ. முதல் அசையும் கடைசி அசையும் தமிழில் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. பிலிப்பீன்சில் உரோமன் எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான். ஆனால் தென்சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்தவர்கள் பேசிய ஹொக்கியன் மொழியில் அவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். முன்னால் நிற்பது மூச்சொலியுடன் உச்சரிக்கப்படும் ஒரு சீனக் குலப்பெயர். சீனத்தின் பொதுமொழியில் அதையே ‘சூ’ என்கிறார்கள். பின்னால் நிற்பது மூச்சொலியில்லாத ‘கோ’. அதன் பொருள் அண்ணன். நடுவில் இருப்பது அந்த மனிதரின் சொந்தப் பெயரின் கடைசி அசை. அவருடைய முழுப்பெயர் ஹொக்கியனில் ‘கோ கியோக் ஹுவான்’. ஊரார் முழுப்பெயரைச் சொல்லி அழைக்காமல், பெயரின் கடைசி அசையை மட்டும் எடுத்து அதனுடன் ‘அண்ணன்’ என்பதைச் சேர்த்து மரியாதையாக அழைப்பது அம்மொழியின் வழக்கம். முருகேசன் என்பவரை முருகண்ணன் என்று அழைக்கும் நமக்கு இது புதிதல்ல. ஹுவான் அண்ணன் என்பது ‘ஹுவான் கோ’ ஆனது. குலப்பெயரையும் முன்னால் சேர்த்தபோது அது ‘கோ ஹுவான் கோ’ ஆனது.

‘ஹுவான்’ எப்படி ‘ஹ்வாங்’ ஆயிற்று என்று ஒருவர் கேட்கலாம். ககர ஒலிக்கு முன்னால் வரும் மூக்கொலி தானும் ககரத்தின் இனமான ஙகரமாக மாறுவது பல மொழிகளில் இயல்பு. மரம் என்பதோடு ‘கள்’ சேரும்போது மரங்கள் என்றாவதைப் போன்றதுதான் இதுவும். அந்த ஒலியை எழுத்தில் பிடித்தவர்கள் ஸ்பானிய எழுத்துமுறையைப் பயன்படுத்தினார்கள். அம்மொழியில் ஹகரத்தைச் சார்ந்த ஒலியைக் குறிக்கும் எழுத்தையே ஆங்கிலம் ஜகரத்துக்குப் பயன்படுத்துகிறது. அதனால்தான் இப்பெயரை ஆங்கில எழுத்தில் பார்க்கும் வெளிநாட்டவர் பலரும் ‘கோஜுவாங்கோ’ என்று தவறாகப் படிக்கிறார்கள். நம் நாளிதழ்களிலும் அந்த வடிவம் அவ்வப்போது தலைகாட்டுகிறது. பிலிப்பீன்ஸ் மக்கள் எவரும் அப்படி உச்சரிப்பதில்லை.

ஆக, இது முதலில் குடும்பப் பெயராகப் பிறந்த ஒன்றல்ல. ஒரு தனி மனிதரை அவருடைய அண்டை அயலார் எப்படி அழைத்தார்களோ, அந்த விளியே அப்படியே உறைந்து பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பெயராகிவிட்டது. அதன் சிறப்பும் அரிய தன்மையும் இந்த ஒரு செய்தியில்தான் அடங்கியிருக்கின்றன என்பது என் கருத்து. குலப்பெயரை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டிருந்தால், அதே குலப்பெயரைக் கொண்ட பெருங்கூட்டத்தில் கலந்துபோயிருப்பார்கள். தனிப்பெயரும் மரியாதைச் சொல்லும் ஒட்டிக்கொண்டதால், வேறு எவருக்கும் தற்செயலாக வாய்க்க முடியாத ஒரு சேர்க்கை உருவாகிவிட்டது.

இப்படி உறைவதற்கு ஒரு வரலாற்றுச் சூழல் தேவைப்பட்டது. ஸ்பானியர் ஆட்சியில் பிலிப்பீன்சுக்கு வந்த சீன வணிகர்களைச் ‘சங்லேய்’ என்று அழைத்தார்கள். உள்ளூர்ப் பெண்ணை மணந்து நிலையாகத் தங்க விரும்பிய சீனர் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு ஒரு கிறித்தவப் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய பிள்ளைகள் ‘மெஸ்டிசோ’ என்ற தனி வகுப்பில் சேர்ந்தார்கள். சங்லேய்க்கு மிகுந்த வரி, மெஸ்டிசோவுக்கு இடைப்பட்ட வரி, உள்ளூர் மக்களுக்குக் குறைந்த வரி என்று வகுப்புவாரியாக வரி விதிக்கப்பட்டதால், யார் எந்த வகுப்பு என்பது பதிவேட்டில் தெளிவாக இருக்க வேண்டும். சீனப் பெயரில் குலப்பெயர் முதலில் வரும் என்பது பதிவேடு எழுதியவர்களுக்குப் பொருட்டாக இருக்கவில்லை. காதில் விழுந்த பெயர் முழுவதையும் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதியபோது, அதுவே அடுத்த தலைமுறையின் குடும்பப் பெயராகிவிட்டது.

இந்த வழக்கம் கோஹ்வாங்கோ குடும்பத்தில் தொடங்கியதும் அல்ல. பிலிப்பீன்சின் தேசிய வீரரான ஹொசே ரிசாலின் தந்தை வழி மூதாதையர் 1697இல் மணிலாவில் திருமுழுக்குப் பெற்ற ஒரு சீனர். அவர் தொமிங்கோ லாம்கோ என்று அறியப்பட்டார். ‘லாம்’ அவருடைய சொந்தப் பெயரின் கடைசி அசை; ‘கோ’ அதே அண்ணன். அந்தக் குடும்பம் பின்னாளில் லாம்கோ என்ற பெயரை விட்டுவிட்டு, ஸ்பானிய மொழியில் சந்தை என்று பொருள்படும் ‘மெர்காதோ’ என்பதை ஏற்றுக்கொண்டது. அதனால் லாம்கோ என்பது ஒரு மூதாதையரின் பெயராக மட்டுமே நின்றுபோய், வழித்தோன்றல்களின் குடும்பப் பெயராகத் தொடரவில்லை. யூசெங்கோ, தான்தோகோ, தியோங்கோ என்று இன்றும் வழங்கும் பெயர்களில் அந்த ‘கோ’ உயிரோடு இருக்கிறது.

‘கோ’வைப் போலவே ‘சோன்’ என்று முடியும் பெயர்களும் உண்டு. அவற்றின் இறுதியில் உள்ளது பேரன் என்று பொருள்படும் ஹொக்கியன் சொல் என்றும், முன்னால் உள்ளது வரிசை எண் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. திசோன் இரண்டாம் பேரன், சிசோன் நான்காம் பேரன், கோசோன் ஐந்தாம் பேரன், லாக்சோன் ஆறாம் பேரன், துவாசோன் மூத்த பேரன் என்று விளக்குவார்கள். கேட்க இனிமையான விளக்கம்தான். ஆயினும் சாம்சோன் என்ற பெயரை மூன்றாம் பேரன் என்று மட்டுமே கொண்டுவிட முடியாது, ஏனெனில் விவிலியத்தில் வரும் சிம்சோனின் பெயரும் அதே வடிவில்தான் எழுதப்படுகிறது. ‘கோ’ என்று முடியும் பெயர்களிலும் இதே எச்சரிக்கை தேவை. பிரான்சிஸ்கோ, வெலாஸ்கோ, போலாங்கோ ஆகியவை ஸ்பெயினிலிருந்து வந்த பெயர்கள். அவற்றின் ‘கோ’வுக்கும் சீனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஈற்றை மட்டும் பார்த்து ஒருவரின் மரபைத் தீர்மானிப்பது தொடக்கநிலை ஆர்வலர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

பிலிப்பீன்சின் பெயர்களைப் பற்றிப் பேசும்போது 1849ஆம் ஆண்டைத் தவிர்க்க முடியாது. அவ்வாண்டு நவம்பர் 21 அன்று தலைமை ஆளுநர் நார்சிசோ கிளவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். அதுவரை உள்ளூர் மக்கள் பலருக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. தாமாக விரும்பிச் சமயப் பெயர்களை வைத்துக்கொண்டவர்களால் ஒரே ஊரில் உறவில்லாத பலருக்கு ஒரே பெயர் அமைந்து, வரி தண்டுவோருக்கும் பதிவேடு எழுதுவோருக்கும் பெருங்குழப்பம் ஏற்பட்டது. எனவே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை அகரவரிசையில் அடுக்கிய ஒரு பட்டியல் தயாரிக்கப்பட்டு மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டது. ஸ்பானியப் பெயர்களோடு உள்ளூர் மொழிச் சொற்களும் அதில் இருந்தன. ஓர் ஊருக்குப் பட்டியலின் ஒரு பகுதி மட்டுமே கிடைத்தால், அந்த ஊரார் அனைவரின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் நகரில் ரகரத்தில் தொடங்கும் பெயர்கள் நிறைந்திருப்பது இதற்குப் புகழ்பெற்ற சான்று. நான்கு தலைமுறையாக ஒரு பெயரைப் பயன்படுத்தி வந்த குடும்பங்களுக்கு அதை வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது.

கோஹ்வாங்கோ இந்தப் பட்டியலின் குழந்தை அல்ல. கோ கியோக் ஹுவான் 1861இல் ஃபூஜியனிலிருந்து வந்தார் என்று வழக்கமாகக் குறிப்பிடப்படுகிறது. அதாவது ஆணை வெளியாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. பட்டியலிலிருந்து பெயர் பெற்றவர்களோடு அதே பெயரைப் பெற்ற அயலார் நாடெங்கும் இருக்கக்கூடும். பட்டியலுக்கு வெளியே, ஒரு மனிதரின் விளியிலிருந்து பிறந்த பெயருக்கு அந்த வாய்ப்பே இல்லை. அவர் திருமுழுக்குப் பெற்று ஹொசே ஆனார். புலக்கான் மாகாணத்தின் மலோலோசில் தொடங்கிய குடும்பம், பின்பு வடக்கே தார்லாக் மாகாணத்தின் பனிகி நகரில் வேரூன்றியது. அரிசி, கரும்பு, நிலம், வட்டித்தொழில் ஆகியவற்றில் அக்குடும்பம் செல்வம் சேர்த்தது. அந்தச் செல்வத்தைப் பெருக்கியதில் ஹொசேயின் பேத்தி இசித்ராவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அவர் மணம் புரியவில்லை. பெயர் அவர் வழியாக அடுத்த தலைமுறைக்குச் செல்லவில்லை. பெயரைச் சுமந்து சென்றவர் அவருடைய தம்பி மெலேசியோ. 1907இல் கூடிய முதல் பிலிப்பீன்ஸ் சட்டமன்றத்தில் தார்லாக்கின் உறுப்பினராக இருந்த அவர் 1909இல், நாற்பது வயதை எட்டும் முன்பே இறந்துபோனார். அவருக்கு ஹொசே, ஹுவான், அந்தோனியோ, எடுவார்தோ என்று நான்கு மகன்கள். இன்று நாம் கேள்விப்படும் கோஹ்வாங்கோக்கள் இந்த நால்வரின் கிளைகளிலிருந்து வந்தவர்களே.

இங்கே சற்று நின்று ஒரு கணக்கைப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு குடும்பப் பெயர் எத்தனை தலைமுறை நிலைக்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் கணித முறையில் ஆராய்ந்து 1874இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் காட்டிய வழியில் ஓர் எளிய நிலையை எண்ணிப் பாருங்கள். ஆண் வழியாக மட்டும் பெயர் செல்கிறது. ஒவ்வோர் ஆணுக்கும் சரியாக மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கச் சம வாய்ப்பு. முதல் தலைமுறையிலேயே மூன்றும் பெண்ணாகிப் பெயர் நின்றுபோக எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டினாலும் அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்த இடர் தொடர்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஒரே ஆணில் தொடங்கிய பெயர் என்றேனும் ஒருநாள் அறுந்துபோகும் வாய்ப்பு ஏறத்தாழ 24 விழுக்காடு. மூன்றுக்குப் பதிலாக இரண்டு பிள்ளைகள் என்று வைத்தால், காலம் எவ்வளவு ஆனாலும் சரி, அப்பெயர் இறுதியில் மறைந்தே தீரும். மறுபுறம், ஒருவர் நால்வராகப் பெருகிவிட்ட நிலையில் அந்த நான்கு கிளைகளும் அற்றுப்போகும் வாய்ப்பு, மூன்று பிள்ளைக் கணக்கின்படி, ஆயிரத்தில் மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. மெலேசியோவுக்கு நான்கு மகன்கள் பிறந்ததன் முக்கியத்துவத்தை இந்தக் கணக்கு விளக்குகிறது. உண்மை வாழ்க்கையில் பிள்ளைகளின் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் இதை அப்படியே எந்தக் குடும்பத்துக்கும் பொருத்தக் கூடாது; ஆனால் ஒரே மனிதரில் தொடங்கும் பெயர்கள் பெரும்பாலும் ஏன் அரியனவாகவே இருக்கின்றன, அவற்றில் பல ஏன் சத்தமின்றி மறைந்துவிட்டன என்பதற்கு இதுவே அடிப்படை.

பிலிப்பீன்சின் பெயர் முறை இந்தப் போக்கை நம் கண்முன்னே நடத்திக் காட்டுகிறது. அங்கு ஒருவரின் பெயரில் முதலில் அவருடைய சொந்தப் பெயரும், நடுவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும், இறுதியில் தந்தையின் குடும்பப் பெயரும் நிற்கும். தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்திலிருந்து வருபவர்களுக்கு, தாய்வீட்டுக்கும் பெயரில் இடம் உண்டு என்பது ஈர்ப்பாகத் தோன்றும். ஆனால் அந்த இடம் நிலையானதல்ல. கொரசோன் பிறக்கும்போது கோஹ்வாங்கோ அவருடைய இறுதிப்பெயர். பெனிக்னோ அக்கினோவை மணந்தபின் அது நடுப்பெயராக நகர்ந்தது. 2010 முதல் 2016 வரை குடியரசுத் தலைவராக இருந்த அவருடைய மகன் மூன்றாம் பெனிக்னோவின் முழுப்பெயரிலும் கோஹ்வாங்கோ நடுவில் இருந்தது. அடுத்த தலைமுறைக்கு அது போவதில்லை. பேரப்பிள்ளைகளின் நடுப்பெயராக வேறொரு தாயின் வீட்டுப்பெயர் வந்துவிடும். ஆகவே ஒரு கோஹ்வாங்கோ பெண்ணின் வழியில் பெயர் ஒரு தலைமுறை நடுவில் தங்கிவிட்டு, அதற்கடுத்த தலைமுறையில் கழன்றுவிடுகிறது. இரத்த உறவு உள்ளவர்களின் தொகை பெயர் உள்ளவர்களின் தொகையைவிடப் பன்மடங்கு பெரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். குடும்பப் பெயரைக் கொண்டு மக்கள்தொகையை அளக்க முயல்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

பெயர் ஒன்று என்பதால் மனம் ஒன்று என்றும் எண்ணிவிட வேண்டாம். மெலேசியோவின் மகன் ஹொசேயின் மகள் கொரசோன்; இன்னொரு மகன் எடுவார்தோவின் மகன் டாண்டிங். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளான இவ்விருவரும் எதிரெதிர் முகாம்களில் நின்றார்கள். 1986 பிப்ரவரியில் கொரசோன் ஆட்சிக்கு வந்தபோது, பதவியிழந்த மார்கோசின் நெருங்கிய கூட்டாளியான டாண்டிங் நாட்டை விட்டு வெளியேறினார். திரும்பி வந்து 1992 குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டு மூன்றாம் இடம் பெற்றார். தார்லாக்கில் கொரசோனின் தந்தை 1950களின் பிற்பகுதியில் வாங்கிய லூயிசிதா கரும்புப் பண்ணை ஆறாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்டது. அதை உழவர்களுக்குப் பகிர்ந்தளிப்பது குறித்த நீண்ட போராட்டம் 2012இல் உச்ச நீதிமன்றத்தின் இறுதி ஆணை வரை சென்றது. இவ்வளவு சிறிய ஒரு பெயர்க்கூட்டம் நாடறிந்ததாக இருப்பதற்கு நிலமும் பதவியும்தான் காரணம்.

அதே குலப்பெயர் பிற நாடுகளில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் படம் முழுமை பெறும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்கள் கோ, கோர், கௌ என்ற பெயர்களை நாள்தோறும் கேட்கிறார்கள். சிங்கப்பூரின் மூத்த அரசதந்திரி டாமி கோவும், முன்னாள் அமைச்சர் கௌ பூன் வானும் தம் பெயரைச் சீன எழுத்தில் எழுதும்போது குலப்பெயருக்கு ஒரே எழுத்தைத்தான் இடுகிறார்கள். வியட்நாமில் அதே எழுத்து ‘ஹுவா’ என்று படிக்கப்படுகிறது. பிலிப்பீன்சிலேயே, 1898க்குப் பிறகு அமெரிக்கர் ஆட்சிக் காலத்திலும் அதற்குப் பின்பும் வந்த சீனர்கள் பெரும்பாலும் குலப்பெயரை மட்டுமே வைத்துக்கொண்டார்கள். கோ, தான், லிம், சீ என்ற ஓரசைப் பெயர்கள் அவர்களுடையவை. இதனால் ஒரு நுட்பமான பயன் கிடைக்கிறது: சீன வேர் கொண்ட ஒரு பிலிப்பீன்ஸ் பெயர் பல அசைகளைச் சேர்த்துக் கட்டியதாக இருந்தால் அந்தக் குடும்பம் ஸ்பானியர் காலத்திலேயே வந்தது என்றும், ஓரசையாக இருந்தால் பெரும்பாலும் பின்னால் வந்தது என்றும் ஊகிக்கலாம்.

எல்லாவற்றிலும் வியப்பானது தாய்லாந்தின் கதை. கௌ சூ சியாங் என்பவர் கோ கியோக் ஹுவானைப் போலவே ஃபூஜியனின் சாங்சோ பகுதியிலிருந்து, அதே குலத்தில் பிறந்து, அவருக்குப் பல பத்தாண்டுகள் முன்பே கடல் கடந்தவர். பினாங்கு வழியாகச் சயாம் நாட்டின் தென்பகுதிக்குச் சென்று, வெள்ளீய வணிகத்தில் உயர்ந்து, ரனோங் மாகாணத்தின் ஆளுநரானார். சயாமில் 1913இல் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கே உரிய பெயர் இருக்க வேண்டும் என்பது அதன் போக்கு. மன்னர் வஜிராவுத் அவருடைய வழித்தோன்றல்களுக்கு அளித்த பெயர் ‘ந ரனோங்’. ரனோங்கில் உள்ளவர் என்பது அதன் பொருள். ஒரே குலத்து இருவரில் ஒருவருடைய பெயர் சென்று சேர்ந்த ஊரைச் சொல்கிறது. மற்றவருடையது அவரை அழைத்தவர்களின் குரலைச் சொல்கிறது. இரண்டிலும், எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில், பழைய குலப்பெயர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

சாங்சோ பகுதியில் ஹோங்ஜியன் என்றொரு சிற்றூர் உள்ளது. கோ கியோக் ஹுவான் பிறந்த ஊர் அது. 1988 ஏப்ரலில் கொரசோன் அக்கினோ குடியரசுத் தலைவராக அங்கு சென்றார். 2011இல் அவருடைய மகனும் அதே பதவியில் இருந்தபடி அங்கு சென்றார். இருவரின் கடவுச்சீட்டிலும் இறுதிப்பெயர் அக்கினோ. மணிலாவில் அவர்களுடைய நடுப்பெயர் கோஹ்வாங்கோ. அந்த ஊரார் அவர்களை வரவேற்றது சூ குலத்தின் பிள்ளைகளாக.